நல்லிக்குக் கீழே ஒரு குழி

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டில்கூட யாராவது ஓரமாகக் கூட்டிப்போய், "எங்க வீட்டுத் தண்ணி டி.டி.எஸ். நானூத்திப் பத்து காட்டுது, குடிக்கலாமா?" என்று கேட்டுவிடுவார்கள். பெங்களூரில் பதினைந்து வருஷமாக இதே கேள்விதான், எண் மட்டும் மாறும். டி.டி.எஸ். காட்டுகிற அந்தப் பேனா மாதிரி மீட்டரைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை, மின்சாரம் எவ்வளவு சுலபமாகக் கடக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதோடு அதன் வேலை முடிந்தது. கிருமி அதன் கண்ணில் படவே படாது.

இதை நேரில் பார்த்தது ஆனேக்கல் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். அறுபது வீடு இருக்கும். பாதிப் பேர் தருமபுரி பக்கமிருந்து கல்குவாரி வேலைக்கு வந்து தங்கிவிட்ட நம்மவர்கள். மூன்று வாரமாகக் குழந்தைகளுக்கு மாற்றி மாற்றி வயிற்றுப்போக்கு, அதுவும் இரண்டாவது தெருவில் மட்டும். வாட்டர்மேன் (கன்னடத்தில் நீருகண்டி) பாவம், எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். டேங்கைக் கழுவினேன், பிளீச்சிங் பவுடர் போட்டேன், நானும் இதே தண்ணியைத்தான் குடிக்கிறேன் என்று நின்றார். அவர் சொன்னது பொய்யில்லை. மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே பிடித்த தண்ணீரில் குளோரின் சொட்டு மருந்தை விட்டதும் நல்ல மஞ்சளாக மாறியது. அதே மருந்து இரண்டாவது தெருக் கடைசி வீட்டுத் தண்ணீரில் நிறமே காட்டவில்லை. கடைசி நல்லியிலும் (தண்ணீர் பிடிக்கிற குழாயைப் பெங்களூரில் இப்படித்தான் சொல்வோம்) லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லை என்றால், வழியில் ஏதோ அழுக்கு அதைத் தின்றிருக்கிறது.

அந்தக் கடைசி வீட்டுப் பாட்டிதான் குழியைக் காட்டினார். கிராமத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை. பிரஷர் குறைவு என்பதால் வாசலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, நல்லியைத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுவது. குடம் சீக்கிரம் நிறையும். ஆனால் சிந்துகிற தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கோழி நடமாடுகிற மண் எல்லாம் அந்தக் குழியில்தான் தேங்கும், நல்லியின் வாய் அதில் முங்கியே கிடக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு வால்வை மூடுகிறார்கள் இல்லையா, மூடியதும் குழாயில் மிச்சம் இருக்கிற தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும், பின்னால் வெற்றிடம் உண்டாகும், உறிஞ்சுகுழல் மாதிரி குழியில் தேங்கினதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். போதாததற்கு, நாலு வீடு தள்ளி ஒருவர் லைனிலேயே மோட்டார் மாட்டியிருந்தார். அது இழுக்கிற இழுப்பில், சாக்கடையைத் தாண்டுகிற இடத்தில் குழாயின் ஜாயின்ட் வழியாகவும் கசடு உள்ளே போயிருக்கிறது. லைனில் மோட்டார் வைப்பது குற்றம் என்பது அவருக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும்.

அந்த நல்லியில் மாதிரி எடுக்க நான் கையை வைத்தேன். சுருக்கென்று இழுத்தது. பாட்டி அசரவே இல்லை. "அது எப்பவும் லேசா இழுக்கும் தம்பி, செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு" என்றார்.

எனக்கு வேர்த்துவிட்டது. வயரிங் பார்க்கிறவரை வரவழைத்துத் தேடினால், அதே மோட்டார்தான். உள்ளே கம்பிச் சுருள் கெட்டுப்போய் மின்சாரம் மோட்டாரின் வெளிக்கூட்டுக்குக் கசிகிறது, எர்த் கம்பியைத் தனியாக மண்ணில் இறக்காமல் தண்ணீர்க் குழாயில் சுற்றிவிட்டிருக்கிறார்கள். பழைய இரும்புக் குழாய், தெரு முழுக்க அதே லைன். மழைநாளில் வெறுங்காலோடு ஒரு குழந்தை போய் அந்த நல்லியைப் பிடித்திருந்தால்? நல்லி இழுத்தால் செருப்பு போட்டுக்கொள்வது வைத்தியம் இல்லை. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொல்லுங்கள், ஏனென்றால் கசிவு உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றைப் போட்டு வையுங்கள். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற செலவில் இது ஒரு மூலைக்குக்கூட வராது.

சரி, மீட்டருக்கு வருகிறேன். பாட்டியின் மகன் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருந்தார், ஆர்.ஓ. விற்க வந்தவர் காட்டிய அதே ரகம். இரண்டு டம்ளரில் ஒரே குடத்துத் தண்ணீரை ஊற்றி, ஒன்றில் மட்டும் குழித் தண்ணீரைக் கால் ஸ்பூன் விட்டேன். முதல் டம்ளர் 388. இரண்டாவதும் 388. அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார். இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 டி.டி.எஸ்.ஸுக்கு 500 என்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை ஒப்புக்கொள்கிறது. ஈ.கோலி என்கிற மலக்கிருமிக்கு அப்படிச் சலுகை கிடையாது, 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 388 என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியாகக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாதிரி கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து, வண்டி டிக்கியில் போட்டு, மறுநாள் கொண்டுவந்து தராதீர்கள். அதில் வளர்ந்திருப்பது உங்கள் தண்ணீரில் இருந்த கிருமியா, பாட்டிலில் இருந்ததா என்று எனக்கும் தெரியாது. லேபில் சுத்தம் செய்த பாட்டிலைக் கேட்டு வாங்கி, ஐஸ் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். லேப் தூரம் என்றால், மருந்து தடவிய காகிதம் போட்ட சின்ன பாட்டில் இருக்கிறது, தண்ணீரைப் பிடித்து மூடி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த தண்ணீர் கறுத்துவிடும். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனை சொல்லிக்கொடுக்க ஏற்பாடு உண்டு, உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று பஞ்சாயத்தில் கேளுங்கள்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் கிருமி சாகும். ஆனால் கோலார், சிக்கபள்ளாப்பூர், இந்தப் பக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் இருக்கிற ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடவே செய்யும். நைட்ரேட்டும் அப்படித்தான். அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிற தண்ணீரில் ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் பவுடர் பால் கலக்கவே கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டுத் தொட்டிக்கு நீங்களே பிளீச்சிங் போடுவதென்றால் 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். பக்கெட்டில் கரைத்து, தெளிய விட்டு, மேலே இருக்கிற தெளிந்த நீரை மட்டும் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும். பாத்ரூம் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், கிளம்புகிற குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும்.

இதெல்லாம் கிராமத்துக் கதை என்று பெங்களூர்க்காரர்கள் நினைக்க வேண்டாம். தொரேகாடனஹள்ளியிலிருந்து 100 கிலோமீட்டர் பம்ப் செய்து கொண்டுவருகிற காவேரியும் முறைவைத்துத்தான் நம் தெருவுக்கு வருகிறது, வந்து விழுவது மூடி உடைந்த சம்ப்பில் (தரைக்கடித் தொட்டி). சம்ப்பைக் கழுவ ஆளை இறக்குவதற்கு முன் மூடியை நன்றாகத் திறந்து காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க வேண்டும், உள்ளே ஒயர் இழுத்து பல்பு கட்டக் கூடாது. குழந்தை இருக்கிற வீட்டில் சம்ப் மூடிக்குப் பூட்டு வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்த ஊருக்குத் திரும்பப் போனேன். ஜாயின்டை மாற்றி, மோட்டாரைப் பிடுங்கி, பாட்டி வீட்டு நல்லியைத் தரைக்கு மேலே ஓர் அடி தூக்கி, குழியில் மண் போட்டுச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். அந்த மருந்துக் காகித பாட்டில் மூன்றில் பிடித்து, அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்: தொட்டி, நல்லி, பாட்டி வீட்டு அடுப்பங்கரைக் குடம். மறுநாள் பாட்டியின் மகன் போனில் படம் அனுப்பினார். முதல் இரண்டும் நிறம் மாறவில்லை. மூன்றாவது கன்னங்கரேல்.

அந்தக் குடத்தில் சொம்பை விட்டு, விரல் நனைய நனைய மொண்டுதான் எனக்கும் அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது குழாய் வைத்த ஸ்டீல் டிரம் வாங்கியிருக்கிறார்களாம். பாட்டி மட்டும், "அதுல மொண்டு குடிச்ச மாதிரி இல்ல தம்பி" என்கிறார்.