ஆட்டிட்யூட் என்கிறோமே, அதற்குத் தமிழில் என்ன சொல்?

"அவனுக்கு ஆட்டிட்யூட் ஜாஸ்தி" என்றால் திட்டு. ஒரு நடிகரின் படத்துக்குக் கீழே "செம ஆட்டிட்யூட்!" என்று போட்டால் பாராட்டு. வேலைக்கு ஆள் எடுக்கிறவர் "வேலையை நாங்க சொல்லிக் கொடுத்துடுவோம், ஆட்டிட்யூட்தான் முக்கியம்" என்றால் அது இந்த இரண்டிலும் சேராது. ஒரே சொல்லை வைத்து மூன்று வேலை வாங்குகிறோம். அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'மனப்பான்மை' என்று நிற்கும். அதை எடுத்து முதல் வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: "அவனுக்கு மனப்பான்மை ஜாஸ்தி." யாருக்காவது ஏதாவது புரிகிறதா? அதனால் இந்தச் சொல் எங்கிருந்து கிளம்பியது, வழியில் என்னவெல்லாம் ஆனது என்று முதலில் பார்த்துவிடலாம்.

மூலம் லத்தீன். 'ஆப்டுஸ்' என்றால் பொருத்தமான, தகுந்த என்று பொருள். அதிலிருந்து 'ஆப்டிட்யூடோ', அதாவது தகுதி, பொருத்தம். இந்தச் சொல் ஒரு வழியில் நேராக வந்து ஆப்டிட்யூட் ஆனது. நுழைவுத் தேர்வுகளில் ஆப்டிட்யூட் டெஸ்ட் என்கிறோமே, அதேதான். இன்னொரு வழியில் இத்தாலிக்குப் போய் 'ஆத்தித்தூதினே' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் 17ஆம் நூற்றாண்டில் ஆட்டிட்யூட் என்று நுழைந்தது. ஆக இரண்டும் ஒரு தாய் மக்கள். இரண்டாவது வழியில் வந்தபோது அதற்கும் மனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஓவியர்களும் சிற்பிகளும் வைத்திருந்த தொழில் சொல் அது. சிலையில் ஓர் உருவம் எப்படி நிற்கிறது, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கை எங்கே இருக்கிறது, அந்த நிலைக்குப் பெயர்தான் ஆட்டிட்யூட். உடல் நிற்கும் விதத்திலிருந்து மனம் நிற்கும் விதத்துக்கு இந்தச் சொல் நகர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். முறைப்பு, அலட்சியம், 'என்னை என்ன பண்ணிடுவே' என்கிற தோரணை, இவையெல்லாம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஒட்டிக்கொண்டவை. நம் ஊருக்கு மேலாண்மை வகுப்பு வழியாக ஒரு பொருளும், சினிமா, ஸ்டேட்டஸ் வீடியோ வழியாக இன்னொரு பொருளுமாகத் தனித்தனியாக வந்து சேர்ந்ததால்தான் இத்தனை குழப்பம்.

அந்தப் பழைய ஓவியர் பொருளுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது, அதுவும் எப்பேர்ப்பட்ட சொல்! தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே உண்டு. மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் தோன்றுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஆனால் இவை வந்து போகிறவை. ஒருவர் கோபப்பட்டதை வைத்து அவர் கோபக்காரர் என்று சொல்லிவிட முடியாது, இல்லையா? ஆட்டிட்யூட் என்பது தங்கி நிற்பது. அதனால் மெய்ப்பாடு பக்கத்தில் வருகிறது, முழுதாகப் பொருந்தவில்லை. பேச்சுத் தமிழில் 'நடையுடை பாவனை' என்கிறோமே, அது இன்னும் நெருக்கம். "அவர் நடையுடை பாவனையே சரியில்லை" என்று ஊரில் யாராவது சொன்னால், நிற்பது, பார்ப்பது, பேசுவது எல்லாவற்றையும் சேர்த்து ஓர் ஆளைப் பற்றித் தீர்ப்பே எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இப்போது மனப்பான்மை. பால் என்றால் பக்கம், பகுதி, இயல்பு. அதிலிருந்து வந்தது பான்மை. மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அது மனப்பான்மை. நல்ல சொல்தான், கல்வியியல் பாடநூல்களும் இதைத்தான் எடுத்துக்கொண்டன. சிக்கல் என்னவென்றால் 'தாழ்வு மனப்பான்மை' என்ற தொடர் வீட்டுக்கு வீடு புழங்கிப் போனதில், இந்தச் சொல்லைக் கேட்டாலே ஏதோ மனக்குறை என்பதுபோல் ஒரு நிழல் விழுந்துவிட்டது. அதனால் என் ஓட்டு 'மனப்பாங்கு' என்பதற்கு. பாங்கு என்ற சொல்லில் பக்கம் என்ற பொருளும் உண்டு, தகுதி, பொருத்தம் என்ற பொருளும் உண்டு. லத்தீனில் கிளம்பிய இடமே பொருத்தம்தான் என்று பார்த்தோம். தேடிப் பிடித்தாலும் இதைவிடப் பொருந்துகிற சொல் கிடைக்காது.

சரி, பெயர் கிடைத்துவிட்டது. மனப்பாங்கை வைத்து ஓர் ஆளை எடை போட முடியுமா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு காரில் அமெரிக்காவைச் சுற்றினார். சீனர்கள்மேல் அங்கே வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம் அது. விடுதி, உணவகம் என்று 251 இடங்களில் போய் நின்றார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் முடியாது என்றார்கள். பல மாதங்கள் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை உங்கள் இடத்தில் அனுமதிப்பீர்களா என்று கேட்டார். பதில் எழுதிய 128 பேரில் 90 விழுக்காட்டுக்கு மேல் மாட்டோம் என்றார்கள்! 1934இல் அவர் வெளியிட்ட இந்தக் கட்டுரை, ஒருவர் சொல்லிக்கொள்ளும் மனப்பாங்கும் அவர் நடந்துகொள்ளும் விதமும் வேறு வேறாக இருக்கலாம் என்பதைக் காட்டியது. இங்கே சொல் கொடியதாகவும் செயல் நல்லதாகவும் இருந்தது. நாம் தினம் பார்ப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ்.

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரம் இதற்கென்றே இருக்கிறது. ஒரு பொறுப்புக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் அதன் பேச்சு, அதாவது இன்றைய நேர்காணல் விவகாரம். அதில் 505ஆம் குறள்:

பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம்
கருமமே கட்டளைக் கல்.

கட்டளை என்றதும் இப்போது உத்தரவு நினைவுக்கு வருகிறது. இங்கே அது பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல். ஒருவர் பெரியவரா சிறியவரா என்பதற்கு அவரவர் செயலே உரைகல் என்கிறது குறள். குறுந்தொகை 192ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார், மாமரத்துப் பூந்தாது மேலே படிந்த கருங்குயிலை 'பொன்னின் உரைதிகழ் கட்டளை கடுப்ப' என்கிறார். கருங்கல்லில் பொன் கோடு விழுந்ததுபோல் குயில் இருக்கிறதாம்.

அந்தக் கல்லைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கறுப்பாக, வழவழவென்று, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆசாரி நகையின் ஓரத்தை அதில் அழுத்தி ஒரு கோடு இழுப்பார். அதை மட்டும் வைத்து அவர் எதுவும் சொல்லிவிட மாட்டார். மாற்று, அதாவது பொன்னின் தரம், முன்பே தெரிந்த பொன் ஊசியான உரையாணியை எடுத்துப் பக்கத்திலேயே இன்னொரு கோடு இழுப்பார். மேலே அமிலம் ஒரு சொட்டு. செம்பு கூடுதலாகக் கலந்த கோடு மங்கும், நல்ல பொன் அப்படியே நிற்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் பொன்னின் தரத்தைத் 'தண்டவாணி' என்ற நிலையான தரத்தோடு ஒப்பிட்டு, அதைவிட இவ்வளவு மாற்றுக் குறைவு என்றுதான் பொறித்திருக்கிறார்கள். ஒரு கோடு போதாது, பக்கத்தில் இரண்டாவது கோடு வேண்டும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஏனென்றால் ஆளைப் பார்ப்பதிலும் இதுதான் வழி.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து பாருங்கள். எதிர் வரிசையில் ஒருவர் பக்கத்து இலைக்காரரிடம் "சார், நீங்க ஊருக்கு எப்ப வந்தாலும் நம்ம வீட்டுக்கு வரணும்" என்று குழைந்து பேசிக்கொண்டிருப்பார். அந்த வாக்கியம் முடிவதற்குள், கொதிக்கிற வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற பையனைப் பார்த்து "ஏய் சாம்பார்! கண்ணு தெரியலையா?" என்பார். அந்தப் பையனுக்குப் பெயர் சாம்பார் ஆகிவிட்டது, கொஞ்ச நேரம் போனால் ரசம், அப்புறம் மோர். அதே வரிசையில் ஒரு பாட்டி "தம்பி, ரசம் கொஞ்சம் விடுப்பா, மெதுவா, கையில படாம" என்பார். முதல் ஆள் 'சார்' என்று பேசியதை மட்டும் கேட்டவருக்கு அவர் எவ்வளவு மரியாதை தெரிந்தவர் என்று தோன்றியிருக்கும். பக்கத்தில் இன்னொரு கோடு விழுந்ததும்தான் மாற்றுத் தெரிகிறது. தனக்கு எந்த ஆதாயமும் இல்லாத, திருப்பி எதுவும் பேச முடியாத ஆளிடம் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பார்க்காமல் நான் யாரைப் பற்றியும் முடிவுக்கு வருவதில்லை.

குணத்தைக் குறிக்க நாம் பயன்படுத்தும் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். குணம் வடமொழியிலிருந்து வந்தது, அது உள்ளே இருக்கும் தன்மையைச் சொல்கிறது. மற்றவை நடத்தை, ஒழுக்கம், பண்பு. நடத்தை, நட என்பதிலிருந்து. ஒழுக்கம், ஒழுகு என்பதிலிருந்து. இடையறாமல் தொடர்வதால் ஒழுக்கம், ஒரு நாள் நல்லபடியாக இருந்துவிட்டால் அந்தப் பெயர் கிடைக்காது. பண்பு என்ற சொல்லோ நிலத்தைப் பண்படுத்துகிறோம் என்பதோடு உறவுடையது. உழைத்துச் சீராக்கி வருவது. பண்பு என்றால் என்ன என்று கலித்தொகை 133ஆம் பாட்டு நேராகவே சொல்லிவிடுகிறது: 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்.' உலக நடையும் பிறர் நிலையும் அறிந்து நடந்துகொள்வது. பண்புக்கு விளக்கம் கேட்டால் ஒழுகுதல் என்று ஒரு வினையைக் கையில் கொடுக்கிறது பாருங்கள்.

இவற்றில் ஒழுக்கம் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 'ஒழுக்கம் கெட்டவள்', 'நடத்தை சரியில்லை' என்று ஒரு பெண்ணைச் சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான் என்று ஆக்கி வைத்திருக்கிறோம். ஆங்கிலத்திலிருந்து கேரக்டர் வந்ததும் அதையும் அதே குழிக்குள் தள்ளினோம்; 'அவ கேரக்டர் சரியில்லை'. கடன் வாங்கி ஏமாற்றுகிறவனை, வேலைக்காரம்மாவை வாய்க்கு வந்தபடி பேசுகிறவனை, யாராவது ஒழுக்கம் கெட்டவன் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் 139ஆம் குறளைப் பாருங்கள்: 'ஒழுக்க முடையவர்க்கு ஒல்லாவே தீய வழுக்கியும் வாயாற் சொலல்.' வாய் தவறிக்கூடத் தீய சொல் வராது என்பதுதான் அங்கே ஒழுக்கத்தின் அடையாளம். அந்த அளவுகோலை வைத்தால், பிறத்தியார் வீட்டுப் பெண்ணின் ஒழுக்கத்தைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்தான் முதலில் மாட்டுவார்.

கேரக்டர் கிரேக்கச் சொல். நாணயத்தில் குத்தும் அச்சு, அந்த அச்சு பதித்த குறி. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் மனிதர்களை முப்பது வகையாக எழுதி வைத்த நூலுக்கும் இதுதான் பெயர். அவர் யாரையும் நல்லவன், கெட்டவன் என்று வர்ணிப்பதில்லை, அன்றாடம் என்ன செய்கிறான் என்று மட்டும் சொல்கிறார். கஞ்சனைப் பற்றி எழுதும்போது, மனைவி ஒரு செப்புக்காசைத் தவறவிட்டால் கட்டில், பெட்டி எல்லாவற்றையும் நகர்த்திப் போட்டுத் தேடுவான் என்கிறார். ஆளே கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறான்!

ஆக, எங்கே எந்தச் சொல்? தலைக்கு ஏறியது என்று திட்டும் இடத்தில் திமிர், தலைக்கனம், எகத்தாளம் என்று தமிழில் கொட்டிக் கிடக்கிறது. நல்லபடியாகச் சொல்ல மிடுக்கு, பேச்சில் கெத்து. வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்பது மனப்பாங்கு, எடுத்த பிறகு பார்ப்பது நடத்தை. கேரக்டர் என்பதற்குப் பண்பு. நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு வரி வருமே, அது ஆங்கிலத்தில் காண்டக்ட், கேரக்டர் என்ற இரண்டையும் சரியாகப் பிரித்துக் காட்டிய வரி. அதற்கு எதிரே எல்லாருக்கும் 'நன்று' என்று எழுதிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. விமானத்தின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா, இறக்கை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதையும் விமானிகள் ஆட்டிட்யூட் என்றுதான் சொல்கிறார்கள், செயற்கைக்கோளுக்கும் அதே. சிற்பிகளின் பழைய பொருள் அப்படியே உயிரோடு இருப்பதை அங்கே பார்க்கலாம். அந்த இடத்தில் மனப்பான்மை என்று மொழிபெயர்த்தால் விமானத்துக்கு மனம் வந்துவிடும், அதனால் 'சாய்வு நிலை' என்று எழுதுங்கள்.