வெள்ளத்தில் நனைந்த பேட்டரியைக் காயவைத்தால் போதுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தபோது, வேளச்சேரியிலிருந்து ஒருவர் தம் மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது நனைந்ததை மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்ததாகவும், அதன்பின் பத்து நாள் வண்டி நன்றாகவே ஓடியதாகவும், இப்போதுதான் சார்ஜ் விரைவில் இறங்குவதாகவும் சொன்னார். திறந்து பார்த்தேன். உள்ளே சொட்டு ஈரம் இல்லை. ஆனால் செம்புக் கம்பிகளின் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, பேட்டரிக்குள் அடுக்கியுள்ள சிறு செல்களுக்கு நடுவே வெள்ளையாக உப்பு படிந்திருந்தது.

சாக்கடை கலந்த வெள்ள நீர் காய்ந்தாலும் அதிலிருந்த உப்பு உள்ளேயே தங்கிவிடும். சென்னையின் காற்றிலுள்ள ஈரத்தை அந்த உப்பு உறிஞ்சிக்கொண்டு, செல்களின் மின்சாரம் கசிவதற்கு வழி அமைத்துக் கொடுக்கிறது. அவருடைய பேட்டரியில் தொடராக இணைத்த பதினான்கு செல் வரிசைகளில் ஒன்று மட்டும் இப்படிக் கசிந்து 3.2 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. சார்ஜர் கொடுப்பதோ மொத்தம் 58.8 வோல்ட். ஒரு வரிசை 3.2 வோல்ட்டிலேயே பின்தங்கி நின்றால், மீதமுள்ள 55.6 வோல்ட்டைப் பதின்மூன்று வரிசைகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், அதாவது 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாத வரிசை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.28 வோல்ட்டைத் தொடும். இதைக் கண்டு சார்ஜை நிறுத்த வேண்டியது, பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். போர்டு. அந்த போர்டுக்கு அளவைச் சொல்லும் கம்பிகளில்தான் களிம்பு ஏறியிருந்தது. போர்டை மட்டும் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கி வந்து மாற்றித் தரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நனைந்த பேட்டரிக்கு நான் அதைச் செய்வதில்லை.

அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் செல் சூடாகும். செல்லுக்குள் இரு மின்முனைகளையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் படலம். பாலிஎத்திலீனால் ஆன படலம் ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் செல் தன் வெப்பத்தாலேயே மேலும் சூடாகி, பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். இரும்பு பாஸ்பேட் வகைச் செல்கள் இதை ஓரளவு தாங்கும் என்றாலும், அவற்றுக்கும் தீப்பிடிக்காது என்று எண்ணிவிடக் கூடாது.

எனவே நீரில் மூழ்கிய, கீழே விழுந்து நசுங்கிய, அல்லது உப்பிய பேட்டரி வேலை செய்கிறது என்பதற்காகவே அதை நம்பக் கூடாது. ஐபி67 என்ற முத்திரை, ஒரு மீட்டர் ஆழ நீரில் முப்பது நிமிடம் தாங்கும் என்ற சோதனையைத்தான் குறிக்கிறது. வெள்ளமோ நாள்கணக்கில் நிற்கிறது. அப்படிப்பட்ட பேட்டரியைச் சார்ஜில் போடாமல், வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத நிழலில் வைத்துவிட்டு, நிறுவனத்தின் சேவை மையத்துக்குச் சொல்லுங்கள்.

நல்ல பேட்டரியை நீண்ட நாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதியளவு சார்ஜோடு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அக்னி நட்சத்திர நாள்களில் ஓட்டுக்கு அடியிலுள்ள பரணும் மூடிய காரும் இதற்கு ஆகாதவை. வெயிலில் ஓடி வந்த வண்டியைச் சூடு ஆறிய பிறகே சார்ஜில் போட வேண்டும்.

என்னை மிகவும் அச்சுறுத்துவது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடிப்படிக்கு அடியில், மின்மீட்டர்களின் பக்கத்தில் நிறுத்திச் சார்ஜ் போடும் வழக்கம். அங்கே தீப்பிடித்தால் மேல்மாடிக்காரர்கள் இறங்குவதற்கு உள்ள ஒரே வழியில் நச்சுப்புகை நிறைந்துவிடும்; அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடும் இருக்கும். ஸ்கூட்டர் பேட்டரி எரிந்தால் நீங்களே அணைக்க முயலாமல் விலகி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள். தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் சுவாலையை அமர்த்தினாலும் செல்லின் சூட்டைத் தணிக்காது என்பதால் தீ மறுபடியும் எழும். தீயணைப்பு வீரர்கள் ஏராளமான நீரைப் பாய்ச்சுவது குளிர்விக்கத்தான்.

பழைய பவர் பேங்கையும் செல்பேசி பேட்டரியையும் மாநகராட்சிக் குப்பைத்தொட்டியில் போட்டால், குப்பையை அழுத்தும் லாரிக்குள் அவை நசுங்கித் தீப்பிடிக்கலாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வேளச்சேரிக்காரர் புதிய பேட்டரியின் விலையைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, அன்றைக்கு முந்தின இரவுகூட அதைக் கூடத்தில், குழந்தைகள் படுக்கும் பாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தான் சார்ஜ் போட்டதாகச் சொன்னார்.