கோப்புறையைப் பூட்டும் முன் சாவிக்கு நகல் எடுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் மடிக்கணினி என் மேசைக்கு வந்தது. விண்டோஸ் இயங்காமல் போனதால், வேறொருவர் சி டிரைவை ஃபார்மட் செய்து புதிதாக நிறுவிக் கொடுத்திருந்தார். டி டிரைவைத் தாம் தொடவே இல்லை என்று அவர் சொன்னது உண்மைதான். வாடிக்கையாளர் பெயர்வாரியாகக் கோப்புறைகள் அப்படியே இருந்தன. வருமான வரிப் படிவங்கள், ஜி.எஸ்.டி. கணக்குகள், பான் அட்டை நகல்கள் என எல்லாக் கோப்புகளின் பெயரும் அளவும் தேதியும் தெரிந்தன. ஆனால் எதைத் திறந்தாலும் அனுமதி இல்லை என்ற ஒரே பதில்தான் வந்தது. கோப்புகளின் உரிமையை மாற்றிப் பார்த்தும் பயன் இல்லை என்றார்கள்.

கட்டளைச் சாளரத்தைத் திறந்து, அந்தக் கோப்புறைக்குள் போய், சைஃபர் என்ற ஒரு சொல்லை மட்டும் தட்டினேன். பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னாலும் ஈ என்ற ஆங்கில எழுத்து நின்றது. மறையாக்கம் செய்யப்படாத, அதாவது சாவியால் பூட்டப்படாத கோப்பாக இருந்தால் அந்த இடத்தில் யூ என்ற எழுத்து இருந்திருக்கும். அடுத்து, அதே கட்டளையுடன் சாய்கோடும் சி என்ற எழுத்தும் சேர்த்து, ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தேன். அந்தக் கோப்பை யாரால் திறக்க முடியும் என்று கணினி சொன்னது: உரிமையாளரின் பயனர் பெயர், அதன் கீழே அவருடைய சாவிக்குரிய சான்றிதழை அடையாளம் காட்டும் நீண்ட கைரேகை எண், அதற்கும் கீழே, சாவி தொலைந்தால் உதவும் மீட்புச் சான்றிதழ் எதுவும் இல்லை என்ற வரி. புதிய விண்டோஸிலும் அதே பயனர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் சாவி வேறு. பழைய சாவி சி டிரைவோடு அழிந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் இருந்த ஓர் இளைஞர், வாடிக்கையாளர் தகவல் வெளியே போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அந்தக் கோப்புறையைக் கட்டளை வரியில் பூட்டியிருந்தார். அவர் தட்டிய கட்டளையில் பிழை எதுவும் இல்லை. சாவிக்கு நகல் எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சைஃபர் கட்டளை இயக்குவது, விண்டோஸ் 2000 காலத்திலிருந்து என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸ் கோப்பு முறையில் அமைந்த வட்டுகளில் இருந்துவரும் இ.எஃப்.எஸ். என்ற மறையாக்க ஏற்பாட்டை. ஹோம் பதிப்பில் இது வேலை செய்யாது. புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் கிடைக்கும். இதன் வழிமுறையைப் புரிந்துகொண்டால், மேலே சொன்ன இழப்பு ஏன் நேர்ந்தது என்பதும் புரிந்துவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் கணினி தனித்தனியாக ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, அதைக் கொண்டு கோப்பின் உள்ளடக்கத்தைப் பூட்டுகிறது. பயனருக்கென்று ஒரு ஜோடிச் சாவிகள் உண்டு: பூட்ட மட்டும் உதவும் பொதுச்சாவி, திறக்க உதவும் தனிச்சாவி. பிறகு அந்தக் கோப்புச் சாவியையே பயனரின் பொதுச்சாவியால் பூட்டி, கோப்புடன் சேர்த்து வைத்துவிடுகிறது. அதைத் திறக்கப் பயனரின் தனிச்சாவி வேண்டும். அந்தத் தனிச்சாவியோ பயனரின் விண்டோஸ் கணக்குக்குள், அவருடைய நுழைவுக் கடவுச்சொல்லைச் சார்ந்து பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கோப்பு டி டிரைவில் இருந்தாலும், அதன் உயிர் சி டிரைவில் இருக்கிறது.

கட்டளையே எளியது. சைஃபர் என்று தட்டி, இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் ஈ, மீண்டும் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் எஸ், அதையொட்டி முக்காற்புள்ளி, பிறகு கோப்புறையின் முழுப் பாதை. பாதையில் இடைவெளி இருந்தால் அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். எஸ் என்ற பகுதியை விட்டுவிட்டுக் கோப்புறையின் பெயரை மட்டும் கொடுத்தால், இனிமேல் அதற்குள் வரும் கோப்புகள்தான் பூட்டப்படும். ஏற்கெனவே உள்ளே இருப்பவை திறந்தபடியே கிடக்கும். பூட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பல மாதங்கள் பூட்டாமலேயே வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முடித்த பிறகு ஒருமுறை வெறும் சைஃபர் தட்டி, ஈ, யூ எழுத்துகளைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் இதை உண்மையான கோப்புறையில் முதலில் செய்யாதீர்கள் என்று என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் சோதனைக்கென்று ஒரு சிறு கோப்புறையை உருவாக்கி, அதில் ஓர் எழுத்துக் கோப்பை வைத்துப் பூட்டுங்கள். உங்கள் கணக்குக்கு இதுவரை சாவி இல்லையென்றால், அந்த நேரத்தில்தான் அது பிறக்கிறது. உடனே சைஃபர் கட்டளையைச் சாய்கோடு எக்ஸ் என்ற எழுத்துடன் இயக்கி, நகல் கோப்புக்கு ஒரு பெயர் கொடுங்கள். கடவுச்சொல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, உங்கள் சான்றிதழும் தனிச்சாவியும் அடங்கிய பி.எஃப்.எக்ஸ். கோப்பு ஒன்றைக் கணினி உருவாக்கித் தரும். அதை இரண்டு பென் டிரைவ்களில் எடுத்து, இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். அதே மடிக்கணினியில் விட்டுவைத்தால் அந்த நகலால் பயனில்லை.

நகல் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. கணினியில் தற்காலிகமாக வேறொரு பயனர் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து, பூட்டிய சோதனைக் கோப்பைத் திறந்து பாருங்கள், திறக்கக் கூடாது. பிறகு பென் டிரைவிலிருந்து பி.எஃப்.எக்ஸ். கோப்பை இருமுறை சொடுக்கி, கடவுச்சொல் கொடுத்து நிறுவி, மறுபடியும் திறந்து பாருங்கள். இப்போது திறக்க வேண்டும். திறந்தால் அந்தத் தற்காலிகக் கணக்கை நீக்கிவிட்டு, உண்மையான கோப்புறைக்குப் போகலாம். இந்த ஒத்திகைக்குப் பத்து நிமிடம் ஆகும். அன்று என் மேசைக்கு வந்த மடிக்கணினிக்கு இந்தப் பத்து நிமிடத்தை யாராவது செலவிட்டிருந்தால், அந்த ஆடிட்டர் தம் வாடிக்கையாளர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்துப் பழைய ஆவணங்களை மறுபடியும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

பூட்டி முடித்ததும் திரையின் கடைசியில் ஓர் எச்சரிக்கை வரும். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. பழைய, பூட்டப்படாத உள்ளடக்கத்தின் துண்டுகள் வட்டில் எஞ்சியிருக்கலாம் என்றும், சாய்கோடு டபிள்யூ சேர்த்து இதே கட்டளையை இயக்கித் துடைத்துவிடுமாறும் அது சொல்கிறது. அந்தக் கட்டளை வட்டின் காலியிடம் முழுவதையும் மூன்று சுற்றுகளாக எழுதி நிரப்பும். பெரிய வட்டாக இருந்தால் மணிக்கணக்கில் ஓடும். எஸ்.எஸ்.டி. வகை வட்டுகளில் தரவு உள்ளுக்குள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் இந்தத் துடைப்பை முழுமையாக நம்ப முடியாது. அத்தகைய கணினிகளில் முழு வட்டையும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் பூட்டுவதையே முதல் வேலையாகச் செய்யச் சொல்வேன்.

கடவுச்சொல் விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. உங்கள் கடவுச்சொல்லை நீங்களே, பழையதைக் கொடுத்து, புதியதாக மாற்றினால் சாவிக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் நிறுவன வலையமைப்பில் சேராத தனிக் கணினியில், மறந்துபோன கடவுச்சொல்லை நிர்வாகி கணக்கிலிருந்து வேறொருவர் வலிந்து மாற்றிவிட்டால், பழைய கடவுச்சொல்லைச் சார்ந்திருந்த தனிச்சாவி கைக்கு எட்டாமல் போய்விடும். மறந்த கடவுச்சொல்லை ஐந்தே நிமிடத்தில் மாற்றித் தருபவரிடம் கணினியைக் கொடுக்கும் முன், அதில் பூட்டிய கோப்புறை இருக்கிறதா என்று யோசியுங்கள்.

பூட்டு எதையெல்லாம் காக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோப்புகளின் பெயர்கள் மறைவதில்லை. நீங்கள் நுழைந்து திறந்து வைத்த கணினியின் முன் யார் அமர்ந்தாலும் எல்லாம் திறக்கும். உங்கள் கணக்கில் இயங்கும் தீநிரலுக்கும் அப்படியே. மின்னஞ்சலில் இணைத்தால், கோப்பு பூட்டு நீங்கியே போகும். வெளியே அனுப்ப வேண்டிய கோப்புறைக்குச் செவன்ஜிப் போன்ற, கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் கருவியில், கோப்புப் பெயர்களையும் மறைக்கும் விருப்பத்தோடு கடவுச்சொல் இட்டு அனுப்புவதே பொருத்தம். அந்தக் கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாதீர்கள்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்குக் கோகிரிப்ட்எஃப்எஸ் என்ற கருவியைப் பரிந்துரைக்கிறேன். அது கோப்புப் பெயர்களையும் சேர்த்தே மறைக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது வேறொன்று. புதிய கோப்புறையை உருவாக்கும்போதே தலைமைச் சாவியைத் திரையில் காட்டி, கடவுச்சொல் மறந்தாலோ அமைப்புக் கோப்பு கெட்டாலோ மீட்புக்கு இது ஒன்றே வழி, இதைத் தாளில் அச்சிட்டு மேசை இழுப்பறையில் வையுங்கள் என்று அதுவே சொல்லிவிடுகிறது. விண்டோஸும் இவ்வளவு தெளிவாகக் கட்டளைச் சாளரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க நியாயமான ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அந்தச் சட்டம் தரவு மீறல் என்பதை வரையறுக்கும்போது, தகவல் வெளியே கசிவதோடு நிறுத்தாமல், தரவை அணுக முடியாமல் போவதையும் சேர்த்தே சொல்கிறது. பிறர் தகவலைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தவரை, பூட்டாமல் விட்டவருக்கு வெகு தொலைவில் வைத்து அது பார்க்கவில்லை.

பலர் வேலை செய்யும் அலுவலகமாக இருந்தால், ஒவ்வொருவரின் சாவியையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. சைஃபர் கட்டளையைச் சாய்கோடு ஆர் உடன் இயக்கினால் மீட்புச் சான்றிதழ் ஒன்றும் அதற்குரிய தனிச்சாவியும் உருவாகும். சான்றிதழை விண்டோஸின் உள்ளகப் பாதுகாப்புக் கொள்கை என்ற அமைப்புப் பகுதியில் மீட்பு முகவராக, அதாவது ஊழியரின் சாவி தொலைந்தாலும் கோப்பைத் திறக்கக்கூடியவராகச் சேர்த்துவிட்டு, தனிச்சாவியைக் கணினியிலிருந்து அகற்றி, முதலாளியின் பெட்டகத்தில் வைக்க வேண்டும். அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வேறோர் இடத்தில் வைக்க வேண்டும். இதற்கு முன்பே பூட்டப்பட்ட கோப்புகளுக்கு இந்த மீட்புச் சாவி தானாகப் போய்ச் சேராது. ஒவ்வொரு ஊழியரும் தம் கணக்கில் நுழைந்து, சாய்கோடு யூ உடன் கட்டளையை ஒருமுறை இயக்க வேண்டும். ஒருவர் வேலையை விட்டுச் செல்வதாக இருந்தால், அவருடைய கணக்கை நீக்கும் முன்பே இது நடந்திருக்க வேண்டும். பிறகு ஏதேனும் ஒரு கோப்பின் மீது சாய்கோடு சி கட்டளையை இயக்கிப் பாருங்கள்: மீட்புச் சான்றிதழ் எதுவும் இல்லை என்றிருந்த இடத்தில், இப்போது ஒரு கைரேகை எண் நிற்கும்.