சுண்டுவிரல் மட்டும் தப்பினால்

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் பெண்களில் பலருக்கு நடுராத்திரியில் கை மரத்து விழிப்பு வரும். உதறினால் கொஞ்சம் தெளியும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என மரத்துப்போய், சுண்டுவிரல் மட்டும் தப்பியிருந்தால் கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில்தான்; ‘கார்ப்பல் டனல்’ நோய் என்பார்கள்.

அங்கே எலும்புகளுக்கும் கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவில் ஒரு குறுகிய வழி. அதற்குள் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. நல்ல கையில், மணிக்கட்டு நேராக இருக்கும்போது உள்ளே அழுத்தம் சுமார் 2.5 மி.மீ. பாதரசம், முழுக்க மடக்கினால் 30ஐ எட்டும். நோய் கண்ட கையில் அதுவே 90க்கு மேல் போகும். நரம்புக்கு ரத்தம் குறைவது இந்த அழுத்தத்தால்தான். இலை வெட்டும் கத்தரி மழுங்கியிருந்தால் பிடி இன்னும் இறுகும். சாணை பிடிப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.

மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை நரம்பின் நெருக்கத்தைத் தளர்த்தாது. கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். தேவை, இரவில் மட்டும் மாட்டும் மணிக்கட்டுப் பட்டை. கடையில் கிடைப்பவற்றில் பலவற்றின் உள்தகடு 20 முதல் 30 டிகிரி பின்னால் வளைந்திருக்கும். தகட்டை உருவி, நேராக நிமிர்த்திவிட்டு மாட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் ‘பட்டை போட்டும் கேட்கவில்லை’ என்று விட்டவர்கள் நிறைய. 6 வாரம் தவறாமல் போட வேண்டும். கூடவே சர்க்கரை, தைராய்டு பரிசோதனை. குறையாவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி. இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பெருவிரலடி மேடு ஒரு கையில் வற்றியிருந்தால் ஊசிக்கும் காத்திருக்காமல் அறுவை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வற்றிய தசை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால், சுற்றாத நாளில் காசு இல்லை. அதனால் மறைக்கிறார்கள், மாதங்கள் ஓடிவிடுகின்றன. கிராம சுகாதார செவிலியரோ, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரோ, யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துத் தொடர வேண்டும். காலண்டரில் தினமும் இரண்டு எண்கள் போதும்: எத்தனை பீடி, ராத்திரி எத்தனை விழிப்பு. வேலையை அடியோடு நிறுத்தச் சொல்லாமல், இலை வெட்டுவதை வீட்டில் வேறொருவருக்கு மாற்றி, தினம் 300 பீடியில் தொடங்கி வாரத்துக்கு 100 ஏற்றலாம். விழிப்பு திரும்பினால் போன வார எண்ணிக்கைக்கே இறங்கிவிட வேண்டும்.