நீந்திப் போன மீனெல்லாம் பிழைத்த மீன் அல்ல

இந்தப் பருவத்திலும் அதே மாதிரிப் படம் வந்து சேர்ந்துவிட்டது. இமாச்சலத்தின் பாங் அணைக் கரை. பொன் மகசீர் என்ற பெரிய ஆற்றுமீன் ஒன்றைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர். கையில் உலர்ந்த கையுறை, மீனின் விலாவில் அப்பிய மணல். "படம் எடுத்துவிட்டு உயிரோடு விட்டுவிட்டோம், சார்" என்ற பெருமிதம் வேறு.

மீன் நோய் பார்ப்பதே என் வேலை. இந்தப் பெருமிதத்தைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. மகசீர் மூர்க்கமாக இழுக்கும். அதற்காகத்தானே தேடிப் போகிறீர்கள்? போராடி முடித்தபோது அதன் தசையெல்லாம் லாக்டிக் அமிலம். மூச்சு வாங்க வேண்டிய அந்த நேரத்தில்தான் வெளியே தூக்குகிறீர்கள். காற்றில் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சே ஓடாது. முதல் படத்தில் முகத்தில் நிழல், இரண்டாவதில் மீன் துள்ளிவிட்டது, மூன்றாவதில் மைத்துனரும் நிற்க வேண்டும்! பிறகு விடுகிறீர்கள். வாலை ஓர் அடி அடித்து ஆழத்துக்குப் போகிறது. மறுநாள் அது செத்தால் பார்க்க நீங்கள் அங்கே இருப்பதில்லை. கையுறை வழித்தெடுத்த வழவழப்புப் படலத்தின் இடத்தில் பூஞ்சை பிடிக்க இன்னும் சில நாள் ஆகும்.

பியாஸ் ஆற்றின் குறுக்கே 1974-இல் இந்தப் பாங் அணை எழுந்தபோதே மகசீரின் வழி பாதி அடைபட்டுவிட்டது. மழைக்காலத்தில் மேலே ஓடைகளின் கூழாங்கல் படுகைக்கு ஏறித்தான் அது முட்டையிட வேண்டும். இன்று அது உலக அளவில் அருகிவரும் இனம். நீங்கள் படமெடுக்கத் தேர்ந்தெடுக்கும் பெரிய மீன், பெரும்பாலும் அதிக முட்டை சுமக்கும் பெண் மீன். வலை போடும் கூட்டுறவுச் சங்க மீனவர்களைக் குறை சொல்வது எளிது; ஆனால் ஜூன் நடுவில் தொடங்கும் இரண்டு மாத மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களுக்கு வருமானமே நின்றுபோகிறது.

உரிமம் வாங்குங்கள். மும்முனைத் தூண்டில் முள் வேண்டாம், ஒற்றை முள் போதும். அது கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் எதிர்க்கூரையும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். அலுக்கும்வரை விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் கரைக்கு இழுங்கள். கையை நனைத்துக்கொள்ளுங்கள். மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும், படம் வேண்டுமானால் நீங்கள் முழங்கால் அளவு இறங்குங்கள். தாடையைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், தயவுசெய்து. கோடையில் கரையோர நீர் சூடேறிவிட்டதா? ஆக்சிஜன் குறைந்திருக்கும், அன்றைக்குத் தூண்டிலை மடக்கிவிடுங்கள். மீன் முள்ளைத் தொண்டைக்குள் விழுங்கிவிட்டால் பிடுங்க வேண்டாம், தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். ஒரு முள் என்ன விலை வந்துவிடப்போகிறது?