மேடம், இந்த ரிசார்ட் மெம்பர்ஷிப்ப 80சி-ல காட்ட முடியுமுங்களா?

போன வருஷம் வருமான வரி ரிட்டர்ன் சீசன்ல ஒரு சாயங்காலம் கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து டீச்சர் தம்பதி வந்திருந்தாங்க, ரெண்டு பேருமே கவர்ன்மென்ட் ஸ்கூல், அஞ்சாறு வருஷமா எங்க ஆடிட்டர் ஆபீஸோட கிளையன்ட். ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வழக்கம்போல ஃபைல் போட்டு அழகா கொண்டு வந்தவங்க, கடைசியா பளபளன்னு ஒரு ரிசார்ட் மெம்பர்ஷிப் ஃபோல்டர எடுத்து டேபிள் மேல வச்சாங்க. அட்டைல ஒரு அப்பா அம்மா ரெண்டு குழந்தைங்க ஸ்விம்மிங் பூல்ல சிரிச்சுட்டு இருக்காங்க. "மேடம், இதை 80சி-ல காட்ட முடியுமுங்களா? டேக்ஸ் பெனிஃபிட் இருக்குன்னு இத வித்த தம்பி சொன்னானுங்க"ன்னு சார் கேட்டாரு. டீச்சர் எதுவும் பேசல, ஜன்னலப் பாத்துட்டு இருந்தாங்க. வீட்ல ஏற்கெனவே ஒரு ரவுண்டு ஓடி முடிஞ்சிருக்குன்னு அப்பவே புரிஞ்சுது.

முதல்ல அந்தக் கேள்விக்கு பதில சொல்லிடுறேன், ஏன்னா இதே கேள்விய வேற ஆளுங்களும் கேட்டிருக்காங்க. முடியாது. 80சி-ங்கிறது வருமான வரில கழிவு தர்ற செக்‌ஷன், பழைய வரி ரெஜிம்ல இருக்கிறவங்களுக்குத்தான், அதுலயும் லிஸ்ட்ல பிஎஃப், எல்ஐசி, ஸ்கூல் ட்யூஷன் ஃபீஸ், வீட்டு லோன் அசல் இப்படித்தான் இருக்கு, ஹாலிடே கிளப்புக்கு அங்க இடமே இல்ல. "அப்ப எல்டிஏ-ல வருமா?"ன்னு அடுத்த கேள்வி வரும். எல்டிஏ, அதாவது லீவுல டூர் போக சம்பளத்தோட வர்ற அலவன்ஸ், அதோட வரிவிலக்கு போக்குவரத்து டிக்கெட்டுக்கு மட்டும்தான், ரூம் வாடகைக்கு இல்ல, சாப்பாட்டுக்கு இல்ல, அதுவும் 4 வருஷ பிளாக்ல 2 தடவ, அதுவும் பழைய ரெஜிம்ல இருந்தா, அதுவும் உங்க சம்பளத்துல எல்டிஏ-ன்னு ஒரு அயிட்டம் இருந்தா. அதனால விக்கிறவங்க "டேக்ஸ் பெனிஃபிட்"னு வாயத் திறந்தாலே எந்த செக்‌ஷன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்து போட்டுத் தாங்கன்னு கேளுங்க. நான் கேட்டுப் பாத்திருக்கேன், பேச்சு உடனே காம்ப்ளிமென்டரி பிரேக்ஃபாஸ்ட்டுக்குத் தாவிடும்.

மொத்தமா காசு கட்டி வருஷா வருஷம் சில நைட் ரிசார்ட்ல தங்குற இந்த மெம்பர்ஷிப்ப விக்கிற கூட்டத்துக்கு, ஆமா, நானே போயிருக்கேங்க. கோயம்புத்தூர்ல ஒரு மால்ல லக்கி டிரா கூப்பன்ல நம்பர் எழுதிப் போட்டது என் வீட்டுக்காரர், அடுத்த வாரமே ஃபோன், "கங்கிராஜுலேஷன்ஸ் மேடம், 3 நாள் 2 நைட் ஸ்டே ஃப்ரீ, ஹஸ்பண்டும் நீங்களும் சேர்ந்து வந்து வாங்கிக்கணும்". தனியா வந்தா தரமாட்டாங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வரணும், ஏன்னா "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்"ங்கிற வாசலை முதல்லயே அடைச்சுடுவாங்க. ஸ்டார் ஹோட்டல் ஹால்ல வட்ட வட்டமா டேபிள், ஒவ்வொரு டேபிள்லயும் ஒரு ஜோடியும் ஒரு பையனும், காது கிழியுற மாதிரி பாட்டு. 45 நிமிஷம்னு சொன்னாங்க, மூணு மணி நேரம் ஆச்சு. நடுநடுல மைக்ல "டேபிள் நம்பர் 7 நம்ம ஃபேமிலில ஜாயின் பண்ணிட்டாங்க"ன்னு சொல்லுவாங்க, எல்லாரும் கைதட்டணும். எங்க டேபிள்ல இருந்த பையன் முதல்ல ஆறு லட்சம்னு ஆரம்பிச்சான், நாங்க தலையாட்டல, மேனேஜர் வந்தாரு, அஞ்சு ஆச்சு, இன்னொரு பெரிய மேனேஜர் வந்தாரு, மூணே முக்கால் ஆச்சு, "இந்த ரேட் இன்னைக்கு, இந்த டேபிள்ல, இப்ப மட்டும்"னாரு. எங்க வீட்டுக்காரர் கை பர்ஸ் பக்கம் போனதை நான் பாத்தேன். பதினேழு வருஷம் ஆடிட்டரோட குடும்பம் நடத்துற மனுஷன்! அந்த சூழ்நிலை அப்படி, அதனால அங்க கையெழுத்து போட்டவங்கள முட்டாள்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

சரி, டீச்சர் வீட்டுக் கணக்குக்கு வரேன். மெம்பர்ஷிப் 3,60,000, அதுக்கு 18% ஜிஎஸ்டி 64,800, மொத்தம் 4,24,800. கையில இருந்து கார்டுல 60,000 ஸ்வைப் பண்ணிட்டு மீதி இஎம்ஐ. 25 வருஷத்துக்கு வருஷம் 7 நைட். இது போக வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் 18,000, அதுக்கும் ஜிஎஸ்டி, ஆக 21,240. இந்த மெயின்டனன்ஸ் சமாச்சாரத்த பிரசன்டேஷன்ல "ஒரு சின்ன அமவுன்ட்"னு போற போக்குல சொல்லியிருக்காங்க.

இப்ப இப்படிப் போட்டுப் பாருங்க. அந்த 4,24,800-ஐ 7% எஃப்டில போட்டா வருஷத்துக்கு வட்டி மட்டும் 29,736. அசல் உங்க கைலயே இருக்கும். அந்த வட்டியோட மெயின்டனன்ஸ் 21,240-ஐக் கூட்டினா 50,976. ஏழு நைட்டுக்கு வகுத்தா ஒரு நைட்டுக்கு 7,282 ரூபா, அதுவும் ஒரு வருஷம் விடாம ஏழு நைட்டும் போனா! இதுல சாப்பாடு இல்ல, பெட்ரோல் இல்ல, இஎம்ஐ-க்குக் கட்டுற வட்டி இல்ல, எஃப்டின்னா 25 வருஷம் கழிச்சு அசல் திரும்பி வரும், இங்க ஒண்ணும் வராதுங்கிறதயும் சேர்க்கல. ஏழாயிரத்துக்கு ஏற்காட்டுலயோ மூணாறுலயோ நாலு பேருக்கு ரூம் கிடைக்காதான்னு நீங்களே ஃபோன்ல தேடிப் பாருங்க. போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும் இருக்கிற ஹோட்டல் ரூமுக்கு ஜிஎஸ்டி 12%-ல இருந்து 5% ஆயிடுச்சு. மெம்பர்ஷிப்புக்கும் மெயின்டனன்ஸுக்கும் அதே 18% தான்.

"மேடம், இன்னைக்கு எட்டாயிரம் இருக்கிற ரூம் 25 வருஷத்துல நாப்பதாயிரம் ஆகும், நாம இன்னைய விலைக்கே லாக் பண்ணிக்கிறோம்"ன்னு ஒரு வாதம் வைப்பாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும். லாக் ஆகுறது நீங்க முதல்ல கட்டுற காசு மட்டும்தாங்க. மெயின்டனன்ஸ் ஏறிட்டே இருக்கும், வருஷம் 5% ஏறுனாலே பதினஞ்சாவது வருஷத்துல கிட்டத்தட்ட டபுள். நீங்க எஃப்டில வச்சிருந்தா அந்தப் பணமும் ஏறியிருக்கும், அதை மட்டும் அவங்க போர்டுல எழுத மாட்டாங்க. இன்னொண்ணு, "சொத்து மாதிரி, பசங்களுக்கு எழுதி வைக்கலாம்"பாங்க. பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது, பேங்க்ல அடமானம் வைக்க முடியாது. தங்குற உரிமை, அதுவும் இத்தனை வருஷத்துக்குன்னு, அவ்ளோதான். வேணாம்னு விக்கப் போனா வாங்க ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு.

ஆனா டீச்சர் வீட்ல உண்மையான பிரச்சினை காசு கணக்கு கூட இல்ல. ஃபோல்டர்ல நாலாவது பக்கத்துல ஒரு காலண்டர் இருந்துச்சு, வருஷத்த கலர் கலரா பிரிச்சிருந்தாங்க, ரொம்ப கூட்டமான சீசன் ஒரு கலர், ஓரளவு கூட்டம் ஒரு கலர், ஆளில்லாத சீசன் ஒரு கலர். விலை குறைச்சுக் குடுக்கிறோம்னு இவங்களுக்குக் குடுத்தது மூணாவது கலர். நான் பென்சில எடுத்து ஸ்கூல் லீவ எல்லாம் அதுல குறிச்சேன், கோடை லீவு, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு, பொங்கல். ஒண்ணு கூட அவங்க கலர்ல விழல. ஜூலை, ஆகஸ்ட்ல ரூம் காலியா இருக்கும், அப்ப இவங்க ரெண்டு பேரும் கிளாஸ்ல நிப்பாங்க, பெரிய பையன் பத்தாவது. டீச்சர் அப்பத்தான் முதல் தடவ வாயத் திறந்தாங்க, "நான் அன்னைக்கே கேட்டேன் மேடம், மே மாசம் போலாமான்னு. அட்ஜஸ்ட் பண்ணித் தர்றோம் மேடம்னான்".

அட்ஜஸ்ட் பண்ணலாம்தான், மேல் கலர் மெம்பரெல்லாம் புக் பண்ணது போக ரூம் இருந்தா, கூட காசு கட்டுனா, இல்லைன்னா ஒரு நைட் தங்க உங்க கணக்குல மூணு நைட்ட கழிச்சுக்கிட்டா. மே மாசம் ஊட்டி, கொடைக்கானல்ல இதெல்லாம் நடக்கிற காரியமா? 2024 மே 7-ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி அங்க இ-பாஸ் இல்லாம வெளியூர் கார் ஏற முடியாது, 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000னு எண்ணிக்கையே கட்டிட்டாங்க. மெம்பர்ஷிப் கார்டக் காட்டினாலும் செக்போஸ்ட்ல விடமாட்டாங்க.

பெருந்துறைல இன்னொரு கிளையன்ட், சொந்தமா தறி ஓட்டுறவரு. ஒன்பது வருஷமா மெம்பர். மெம்பர்ஷிப், வருஷ மெயின்டனன்ஸ் எல்லாம் சேத்து 4,10,000 கட்டியிருக்காரு, எங்க லெட்ஜர்லயே இருக்கு. எத்தன நைட் தங்குனீங்கன்னு கேட்டா அவருக்கே தெரியல, வீட்டம்மாவுக்கு ஃபோன் போட்டு எண்ணி 22-ன்னு சொன்னாரு. ஒரு நைட்டுக்கு 18,600 சொச்சம். நடுவுல ரெண்டு வருஷம் கொரோனா, ஒரு வருஷம் பொண்ணு ப்ளஸ் டூ, ஒரு வருஷம் அப்பாவுக்கு ஆபரேஷன், நம்ம குடும்பங்கள்ல வருஷம் தவறாம டூர் போற வருஷம் எத்தன வரும்னு சொல்லுங்க. மெயின்டனன்ஸ் கட்டாம விட்டுடலாம்னு பாத்தா பாக்கி ஏறிக்கிட்டே போகும், கட்டுற வரைக்கும் புக்கிங் லாக். போன நாள்லயும் நிம்மதி இல்லைங்கறாரு, மலை உச்சில தனியா இருக்கிற ரிசார்ட், வெளிய வந்தா டீக்கடை கூட இல்ல, உள்ள ஒரு தோசை 240 ரூபா, பசங்க வில்லு அம்பு விடணும், கயித்துல தொங்கிட்டுப் போகணும்னா ஒவ்வொண்ணுக்கும் தனி பில். "ரூம் ஃப்ரீன்னு போய் மூணு நாள்ல இருபத்தி ரெண்டாயிரம் செலவு பண்ணிட்டு வந்தோமுங்க"ன்னு சிரிக்கிறாரு, பாவம்.

லாபமா அனுபவிக்கிறவங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்க தெருவுலயே ரிட்டயர்ட் பேங்க் ஆபீசர் ஒருத்தர், மகன் பெங்களூர்ல. இவங்களுக்கு ஸ்கூல் லீவு கவலை கிடையாது, மழை சீசன்ல ஆளில்லாத நேரம் பாத்து வயநாடு, கூர்க்னு போயிடுவாங்க, சமையல் மேடை இருக்கிற ரூமா பாத்து புக் பண்ணி அரிசி, பருப்பு, ஊறுகா, குட்டி குக்கர் எல்லாம் காரோட டிக்கில போகும். ஒரு நைட்ட கூட விடமாட்டாரு, டைரில எழுதி வச்சிருக்காரு. முக்கியமா அவரு கம்பெனிகிட்ட வாங்கல, ஊர விட்டுப் போற ஒருத்தர்கிட்ட பாதிக்கும் கீழ வாங்கி டிரான்ஸ்ஃபர் ஃபீஸ் கட்டி மாத்திக்கிட்டாரு. இவர மாதிரி நேரமும் பிடிவாதமும் இருந்தா வாங்குங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன். மத்தவங்க வருஷத்துக்கு ஒரு தொகைய டூருக்குன்னே பேங்க் ஆர்டில மாசா மாசம் போட்டுட்டு, போற வருஷம் தமிழ்நாடு சுற்றுலாக் கழகத்தோட டிடிடிசி ஹோட்டலோ, உங்க ஆபீஸ் ஹாலிடே ஹோமோ, நல்ல ரிசார்ட்டோ, காசு கொடுத்துத் தங்கிட்டு வாங்க, போகாத வருஷம் அந்தப் பணம் வட்டியோட அப்படியே இருக்கும். ஞாயித்துக்கிழம மதியம் செக்-இன் பண்ணி செவ்வாக்கிழம கிளம்புற மாதிரி வச்சுக்கிட்டா பல இடத்துல ரேட்டே வேற.

ஐரோப்பால இந்த மாதிரி மெம்பர்ஷிப்புக்கு 2008-லயே ஒரு சட்டம் போட்டுட்டாங்க, கையெழுத்து போட்டாலும் 14 நாளைக்குள்ள காரணம் சொல்லாம கேன்சல் பண்ணலாம், அந்த 14 நாளும் ஒரு பைசா அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நம்மகிட்ட இதுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது, அக்ரிமென்ட்ல என்ன இருக்கோ அதான். பல கம்பெனி 10 நாள் டைம் போட்டிருப்பாங்க, ஆனா பின் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். டீச்சர் ஃபோல்டர்ல நான் முதல்ல தேடுனதே அதைத்தான். கையெழுத்து போட்ட தேதி பாத்தேன், அன்னைக்கு எட்டாவது நாள்.

அவங்கள அங்கயே உக்கார வச்சு லெட்டர் டைப் பண்ணோம். மெம்பர்ஷிப் நம்பர், கையெழுத்து போட்ட தேதி, கேன்சல் பண்ற உரிமை இருக்கிற கிளாஸ் நம்பர், எந்த அக்கவுன்ட்டுக்குப் பணம் வரணும், இதுக்கு மேல ஒரு வரி கூட வேண்டாம்னேன், காரணம் எழுதுனா அதுக்கு பதில் சொல்றேன்னு நாள ஓட்டுவாங்க. அன்னைக்கே ஈமெயில், மறுநாள் காலைல ஈரோடு ஹெட் போஸ்ட் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் தபால், ரசீது பத்திரம். இஎம்ஐ ஆட்டோ டெபிட்ட நிறுத்தச் சொல்லி பேங்குக்கும் ஒரு லெட்டர். எதிர்பாத்த மாதிரியே அன்னைக்கு ராத்திரி சார் ஃபோனுக்கு நாலு கால், "கலர் அப்கிரேட் பண்ணித் தரோம், எக்ஸ்ட்ரா நைட் தரோம்". வாய்ப்பேச்சு எதுவும் வேண்டாம், ஈமெயில்ல அனுப்புங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லியிருந்தேன், சொல்லிட்டாரு.

பணம் தராம இழுத்தா தேசிய கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915-க்கு ஃபோன் அடிக்கிறது முதல் படி. அடுத்தது மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன், நீங்க குடுத்த தொகை 50 லட்சம் வரைக்கும் அங்கதான், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸே கிடையாது. கம்பெனி ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும் 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், பிரச்சினை நடந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். பெருந்துறைக்காரருக்கு இந்த 10 நாள் வாசல் எப்பவோ மூடியாச்சு, அவருக்கு இப்ப ஆள் தேடிட்டு இருக்கோம், எங்க தெரு ஆபீசர் மாதிரி யாராவது ரெண்டாவது வாங்குவாங்களான்னு.

டீச்சருக்கு அறுபதாயிரமும் ஏழு வாரம் கழிச்சு வந்துச்சு, நடுவுல மூணு ரிமைண்டர். பணம் வந்த அன்னைக்கு சார் ஃபோன் பண்ணி தேங்க்ஸ் எல்லாம் சொல்லிட்டு கொஞ்சம் தயங்குனாரு. "மேடம், அன்னைக்கு ஒரு 3 நாள் ஃப்ரீ ஸ்டே வவுச்சர் குடுத்தாங்கள்ல, அதையும் திருப்பிக் குடுத்தரணுமுங்களா?"ன்னு கேட்டாரு. எனக்குக் குடுத்த வவுச்சர எடுத்துப் பாத்தேன். சனி ஞாயிறு கிடையாது, லீவு நாள் கிடையாது, 30 நாளைக்கு முன்னாடி புக் பண்ணணும், யுடிலிட்டி சார்ஜ் தனி. நீங்களே வச்சுக்கோங்க சார்னு சொல்லிட்டேன்.