ஆல் வீல் டிரைவ் காரில் டயர் பிராண்டைக் கலக்கலாமா?

"போன மாசம்தான் அண்ணே புது டயர் போட்டேன். அதுக்குள்ள கியர்பாக்ஸ் போயிடுச்சா?" என்று பதறிப்போய் கேட்டார் காரின் சொந்தக்காரர். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினால், பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் வண்டி விட்டுவிட்டுத் திணறியது. அடியில் படுத்து, என்ஜின் சக்தியை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலை ஒரு சொட்டு விரலில் எடுத்துப் பார்த்தேன். கன்னங்கரேலென்று, தீய்ந்த வாடையோடு இருந்தது. அப்புறம்தான் டயரைக் கவனித்தேன். முன்னால் இரண்டும் புத்தம் புதுசு. பின்னால் இரண்டும் வேறு பிராண்ட், பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) பாதி தேய்ந்தவை.

கியர்பாக்ஸ் நன்றாகவே இருந்தது. கோளாறு டயரில் தொடங்கியிருந்தது.

முன்சக்கரம் மட்டும் இழுக்கிற காரில் பின்சக்கரங்கள் சும்மா உருண்டு வருகின்றன. அங்கே இரண்டு டயர் மட்டும் மாற்றுவது வழக்கம்தான். ஆல் வீல் டிரைவில், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற காரில், முன்னையும் பின்னையும் ஒரு ஷாஃப்ட் இணைக்கிறது. நடுவில் சென்டர் டிஃபரன்ஷியலோ கிளட்ச் தகடுகளோ இருக்கும். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும். அந்தச் சில நொடி வித்தியாசத்தைத் தாங்கத்தான் அந்தப் பாகங்கள். நேர் சாலையிலும் நாள் முழுக்க அந்த வித்தியாசம் இருந்தால் தகடுகள் ஓயாமல் உரசும், ஆயில் கொதிக்கும்.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 225/60 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 702 மி.மீ., சுற்றளவு 2,205 மி.மீ. புதிதில் பட்டன் ஆழம் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 4 மி.மீ. ஆகத் தேய்ந்தால் சுற்றளவில் 25 மி.மீ. குறையும். ஒரு கிலோமீட்டர் ஓடி முடிக்க, தேய்ந்த டயர் புது டயரைவிட ஏறக்குறைய 5 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 500 சுற்று. அந்த 500 சுற்றையும் நடுவில் இருக்கும் தகடுகள்தான் வழுக்கிச் சமாளிக்கின்றன.

இதில் பிராண்ட் எங்கே வருகிறது? பக்கவாட்டில் ஒரே அளவு அச்சடித்திருந்தாலும் இரண்டு கம்பெனி டயர்களின் உண்மையான சுற்றளவு ஒன்றாக இருக்காது. பக்கச்சுவரின் விறைப்பும் வேறு. பாரம் ஏறும்போது ஒன்று அதிகம் அமுங்கும், இன்னொன்று குறைவாக. ரப்பர் கலவை வேறு, தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் வேறு. மழைச் சாலையில் திடீரென்று பிரேக் அடித்தால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். எனக்கு டிரான்ஸ்ஃபர் கேஸைவிடப் பெரிய கவலை இதுதான். பாகம் போனால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆகவே என் பதில், கலக்காதீர்கள். நான்கும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களையும் இரண்டு பிராண்டாகவே பாருங்கள். பிராண்ட் ஒன்றுதானே என்று மூன்று தேய்ந்த டயரோடு ஒரு புது டயரைச் சேர்ப்பவர்களும் உண்டு; அதுவும் தப்பு. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பிராண்ட் தெரியாது, சுற்றளவுதான் தெரியும்.

முன்னுக்கொன்று பின்னுக்கொன்று என மோட்டார் வைத்த மின்சாரக் காரில் நடுவே ஷாஃப்ட் கிடையாது. அங்கே தகடு தேயும் பயம் இல்லை. ஆனால் மழையில் பிடிமானம் பற்றிச் சொன்னது அதற்கும் அப்படியே பொருந்தும்.

சரி, ஒரே ஒரு டயர் கிழிந்துவிட்டால்? முதலில் கார் கையேட்டில் எவ்வளவு வித்தியாசம் அனுமதி என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு கணக்கு வைத்திருக்கும். பிறகு நான்கிலும் ஒரே காற்றழுத்தம் வைத்து, டயரின் அடியிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை நேராக ஒரு முழுச் சுற்று தள்ளி, அது எவ்வளவு தூரம் போனது என்று டேப்பால் அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு டயருக்கும் இப்படி அளந்தால் விஷயம் கண்முன்னே தெரிந்துவிடும். மற்ற மூன்றும் நிறையத் தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்றுவதுதான் வழி. புது டயரின் பட்டனை மெஷினில் சீவி மற்றவற்றுக்குச் சமமாக்கித் தரும் கடைகளும் சில நாடுகளில் உண்டு.

இந்த நிலையே வராமல் இருக்க இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் ஸ்டெப்னி மற்ற நான்கைப் போலவே முழு அளவு டயர் என்றால், அதை டிக்கியில் புதுசாகவே பூட்டி வைக்காதீர்கள். டயர்களை இடம் மாற்றும்போதெல்லாம் அதையும் சுற்றில் சேர்த்துவிடுங்கள். ஐந்தும் சேர்ந்தே தேயும். ஒன்று கிழிந்தாலும் அதே தேய்மானத்தில் ஒரு டயர் வண்டியிலேயே இருக்கும்.